பாம்பு தீண்டாத விரல்

ஊசிமலை டிவிசனில் தவமணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் போட்ட அந்தக் கயிற்றுக் கட்டைப் பற்றித்தான் பேச்சு வரும். அக்காவைப் பாம்பு கடித்த அன்று பதறாமல், படங்கைச் சுற்றியிருந்த கயிற்றை உருவி, மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, விஷம் ஏறாமல் தடுத்த தங்கச்சி என்பார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் சேலை நனையாமலும் கிழியாமலும் இருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்குத்தான் படங்கு. அந்தக் கயிற்றின் புகழ் பத்தொன்பது வருஷமாகக் குறையவில்லை. பாம்புதான் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. ஆரம்பத்தில் ஒரு சாண் விரியன். இப்போது கதை சொல்கிறவர்கள் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டுகிறார்கள். அதைக் கண்ணால் கண்டவர் ஒருவர்கூட இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தவமணிக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் பாதையில் உள்ள லயத்து வரிசை வீடுகளில் ஒன்றிலேயே பிறந்து, பதினாறு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து, அன்றிலிருந்து மலைக்குப் போகிறவள். அம்மா இவளைப் பெற்ற மூன்றாம் வருஷமே போய்விட்டாள். பன்னிரண்டு வயது மூத்த மீனம்மாதான் இவளை இடுப்பில் தூக்கிச் சுமந்து, தலைவாரி, சோறூட்டி ஆளாக்கியது. தாய்க்குத் தாயாக இருந்த அக்காவை ஒரு கயிற்றால் காப்பாற்றிக் கடனைத் தீர்த்தாளே என்று ஊர் சொல்லும்போது தவமணி தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைப்பார்கள். உள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

நடந்தது இதுதான். ஆடி மாதத்து அடைமழை. பதினாலாம் நம்பர் மலையில் அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் பறித்துக்கொண்டிருந்தார்கள். மீனம்மா "ஆ" என்று வலது கையை உதறினாள். ஆட்காட்டி விரல் எரிகிறது என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரலின் அடியிலிருந்து நீலம் ஏறியது. செடிக்குள் ஏதோ சரசரத்ததாக யாரோ சொன்னார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும், பத்துப் பெண்கள் நடுங்கமாட்டார்களா? தவமணி நடுங்கவில்லை. கட்டினாள். அவள் கட்டினால் எதுவும் அவிழாது, கொழுந்துச் சாக்கை அவள் கட்டினால் ஆண்கள்கூடக் கத்தியைத் தேடுவார்கள்.

கடித்தவருக்குப் போட்ட கட்டை வைத்தியர்தான் அவிழ்க்க வேண்டும், முந்தி அவிழ்த்தால் விஷம் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கீழே சிங்களக் கிராமத்தில் விஷக்கடி பார்க்கும் வெதமாத்தயா வீட்டுக்குச் சறுக்கிச் சறுக்கி இறங்கினார்கள். அவர் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். காத்திருந்தார்கள். ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் வாகனமும் வரவில்லை. மீனம்மா அழுதாள்.

"அவுத்துவிடுடி. கை செத்துப்போகுதுடி. கொஞ்சமாச்சும் அவுத்துவிடு."

"ஒன் நல்லதுக்குத்தான்க்கா. பல்லக் கடிச்சுக்க" என்று சொல்லி, யாரும் தொட்டுவிடாதபடி தவமணி அந்த முடிச்சின்மேல் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலை பத்து மணிக்குப் போட்ட கட்டு. பொழுது சாயும்போதுதான் வெதமாத்தயா வந்து அவிழ்த்தார். அதற்குள் கை கறுத்துச் சில்லிட்டிருந்தது. "இது மட்டும் கட்டாம இருந்திருந்தா ஆள் இல்ல" என்று அவரும் தன் பங்குக்குச் சொல்லி வைத்தார். மூன்றாம் நாள் டவுன் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள். இப்படியா கட்டுவது என்று ஒரு டொக்டர் சிங்களத்தில் சத்தம் போட்டார். தோட்டத்துப் பாம்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று தவமணி காதில் வாங்கவில்லை. அக்காவின் புருஷன் வீரய்யா அந்தக் கையை வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கிவந்து, பதினாலாம் நம்பர் மலையில் ஒரு கல்யாண முருங்கை அடியில் புதைத்தார். சில வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஒற்றைக் கையால் சோறாக்கலாம், சட்டி கழுவலாம், தேத்தண்ணி ஊற்றலாம். கொண்டை போட முடியாது. அன்றிலிருந்து தினமும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகுமுன் தவமணி இரண்டு காம்பரா தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போய், இஸ்தோப்புத் திண்ணையில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத் தலைவாரிக் கொண்டை முடிந்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். முடியும்போதெல்லாம் அக்கா ஒரே வார்த்தை சொல்வாள்.

"இறுக்காதடி."

தலைவலிக்காரி, அதனால் சொல்கிறாள் என்று தவமணி நினைத்திருந்தாள்.

இடையில் ஒரு வருஷம் மட்டும் இந்த வேலை இல்லாமல் போனது. எட்டு வருஷத்துக்கு முன்னால் மீனம்மா யாரிடமும் சொல்லாமல் கதிர்காமத்துக்குப் பஸ் ஏறி, மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நேர்த்திக்கடன் என்றாள். முடி வளர்ந்து கைக்கு அடங்கும்வரை தவமணி அந்த இஸ்தோப்புப் பக்கம் போகத் தேவையே இருக்கவில்லை. தீபாவளிக்கு இவள் கொடுத்துவிட்ட பலகாரத் தட்டும் அப்படியே திரும்பி வந்தது. நேர்த்திக்காரர்களுக்கு ஆயிரம் விரதம் இருக்கும் என்று இவளும் விட்டுவிட்டாள்.

போன வருஷம் ஆடியில், அதே பதினாலாம் நம்பர் மலையில், கல்யாண முருங்கையை ஒட்டிய நிரை தவமணிக்கு விழுந்தது. மற்றப் பெண்கள் அந்த மரத்துப் பக்கம் பறிக்க முகம் சுளிப்பார்கள். இவள் சுளித்ததில்லை. என் அக்கா கைதானே, என்னை என்ன செய்துவிடும் என்பாள். பனி இறங்கி, அடுத்த நிரையில் நிற்பவள்கூடத் தெரியாமல் வெள்ளையாக இருந்தது. வலது கை ஆட்காட்டி விரலின் அடிக்கணுவில் சுருக்கென்றது. பிறகு எரிந்தது, அடுப்புக் கரியை விரலில் வைத்து அமுக்கியது மாதிரி. கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கைப் பக்கம் நீலம் ஏறிக்கொண்டிருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மண்ணுக்குள் கிடக்கிற கை தன் விரலைப் பிடித்துவிட்டது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடி புத்தி வந்தது. பாம்பு. செடியின் அடியை விலக்கிப் பார்த்தாள். கல்லும் சருகும்தான் கிடந்தன. விரலில் பல் தடமும் இல்லை. இடது கை தானாக இடுப்புக்குப் போய்ப் படங்குக் கயிற்றை உருவியது. ஒரு சுற்றுச் சுற்றினாள். பல்லால் கடித்து இழுக்கப் போனவள் நிறுத்தினாள்.

ஒற்றைக் கையால் கட்ட முடியாது. கத்தினால் யாராவது ஓடி வருவார்கள். வந்தால் கட்டுவார்கள். கட்டினால் அவிழ்க்கமாட்டார்கள். அவள் கெஞ்சுவாள், அவர்கள் 'உன் நல்லதுக்குத்தான்' என்பார்கள்.

தவமணி கத்தவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு செடிகளுக்கு நடுவில் குந்தி, சாவு வரட்டும் என்று காத்திருந்தாள். சாவதைவிட அந்தக் கட்டுக்குப் பயந்தாள். இத்தனை வருஷமாகப் பெருமைப்பட்ட கட்டு அது. பனிக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது, பக்கத்து நிரையில் நின்று சொல்வதுபோல அவ்வளவு தெளிவாக. அவுத்துவிடுடி.

சாவு வரவில்லை. கால் மணி நேரத்தில் எரிச்சல்தான் குறைந்தது. விரல் கத்தரிக்காய் நிறத்தில் தடித்திருந்தது, ஆனால் நுனியும் நகமும் எப்போதும்போலச் சிவப்பாகவே இருந்தன. அன்று அக்காவின் விரலும் இப்படித்தான் இருந்தது. நீல விரலும், சிவந்த நகமும். பல் தடம் எங்கே என்று கங்காணி கேட்டபோது, மழைத்தண்ணியில் கழுவிப்போச்சு என்று சொன்னது வேறு யாரும் இல்லை, இவள்தான்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்தாள். நான்கு நாளில் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, வந்த தடமே இல்லாமல் போனது. போனது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு அது நல்லதாக இல்லை. அந்த விரல் அழுகியிருந்தால், காய்ச்சல் அடித்திருந்தால், அக்காவைக் கடித்தது பாம்புதான் என்று நிம்மதியாக இருந்திருப்பாள். விரல் சும்மா குணமானதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

அதற்குப் பிறகு மரத்துப் பக்கம் நிரை விழுந்தால் ஆள் மாற்றிக்கொண்டாள். லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தத்திலும் அந்தக் கெஞ்சல் கேட்டது. ரொட்டி மாவைப் பிசையும்போது தன் கையைப் பார்த்து நிறுத்திவிடுவாள். அக்காவுக்குக் கொண்டை போடும்போது அந்த மொட்டைக் கையைப் பார்க்காமல் கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டாள். மீனம்மாவோ எப்போதும்போல வெற்றிலையை மடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு இருந்தாள்.

புரட்டாசியில் நீலம் திரும்ப வந்தது. இந்த முறை நடுவிரல். பாலர் பள்ளியில் டீச்சராக இருக்கும் மகள் நிஷாந்தி பார்த்துவிட்டாள். "என்னாம்மா இது, வெரல் செத்த மாதிரி இருக்கு?" என்று கத்தி, அடுத்த பஸ்ஸிலேயே அவளை டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே பிரேமினி என்ற சின்ன வயது டொக்டர். ஹட்டன் கடைவீதிக் குடும்பத்துப் பெண். அவள் விரலைப் பார்த்துப் பதறவில்லை, அலட்சியமும் செய்யவில்லை. இரண்டு கையிலும் நாடி பிடித்தாள். நகத்தை அமுக்கி, விட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள். ரத்தம் எடுக்க அனுப்பினாள். கைக்கு ஸ்கேன் பிடிக்கச் சொன்னாள். போனில் படமெடுத்துப் பெரிய டொக்டருக்கும் அனுப்பினாள். அடுத்த கிளினிக்குக்கு வரச் சொல்லி, அவர்கள் போனபோது டெஸ்ட் துண்டுகளையெல்லாம் வரிசையாக மேசையில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பயப்படுற வருத்தம் இல்ல அம்மா. விரலுக்குள்ள இருக்கிற சின்ன ரத்தக் குழாய் ஒண்ணு தானா உடைஞ்சு கசியுது. அதான் நீலம். நடுவயசுப் பொம்பளைங்களுக்குத்தான் கூட வரும். ஏன் வருதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. நாலஞ்சு நாள்ல தானாப் போயிரும். திரும்பவும் வரலாம். விரலுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப எதுக்கு இத்தன டெஸ்ட்?" என்று நிஷாந்தி கேட்டாள்.

"நீலமாகிற விரல் எல்லாம் இது இல்லையே. வேற பெரிய கோளாறு இல்லைன்னு பாத்துட்டுத்தானே சொல்லணும். இது அபூர்வம். நானே இப்பதான் மொதல்ல நேர்ல பாக்குறேன்." அவள் ஒரு வெள்ளைக்கார டொக்டரின் பேரைச் சொன்னாள். அது தவமணியின் நாக்கில் நிற்கவில்லை.

நிஷாந்தி மருந்துத் துண்டு ஏதும் உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும் சந்தோஷமாக எழுந்தாள். தவமணி எழவில்லை.

"டொக்டர், ஒண்ணு கேக்கணும். இது வந்த ஒருத்தருக்கு, பாம்பு கடிச்சிருச்சுன்னு நெனச்சு, மணிக்கட்டுல இறுக்கிக் கட்டுனா?"

"ஐயோ, கட்டவே கூடாது. பாம்பே கடிச்சாலும் இறுக்கிக் கட்டக் கூடாது அம்மா. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வரணும்."

"கட்டிட்டா?"

"எவ்வளவு நேரம்?"

"காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும்."

டொக்டர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள். "கை போயிரும்" என்றாள். பிறகு தவமணியின் முகத்தைப் பார்த்து, "யாருக்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். தவமணி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் நிஷாந்தி வீட்டுக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு ஒன்றுமில்லையாம், ஒன்றுமில்லையாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒன்றுமில்லாத ஒன்றுக்குத்தான் ஒரு கை போயிருக்கிறது.

மூன்று நாள் தவமணி அக்கா வீட்டுக்குப் போகவில்லை. சளி, தடுமல் என்று சொல்லி நிஷாந்தியை அனுப்பினாள். அவள் குதிரைவால் போட்டு ரப்பர் வளையம் மாட்டிவிட்டு வந்தாள். அந்த மூன்று நாளும் தவமணிக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஊர் அவளைக் கும்பிடும், அக்கா பண்டிகைக்கு முதல் சேலையை அவளுக்கு எடுத்து வைப்பாள், சாகும்வரை காப்பாற்றியவளாகவே இருக்கலாம். சொன்னால் அக்கா போய்விடுவாள். அம்மாவின் முகம்கூட நினைவில்லாத ஒருத்திக்கு அக்கா போனால் மிச்சம் என்ன இருக்கிறது? ஆனால் சொல்லாமல் அந்தத் தலையை இனித் தொட அவளுக்குக் கை வரவில்லை.

நான்காம் நாள் காலை போனாள். பனி இஸ்தோப்பு வரை ஏறியிருந்தது. மீனம்மா பலகையில் உட்கார்ந்து, சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி இருந்தாள்.

"தடுமல் போயிருச்சாடி?"

"அக்கா, ஒன்னையப் பாம்பு கடிக்கல."

மீனம்மா திரும்பவில்லை. தவமணி அவள் முதுகைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். ஆடி மாதத்து நீலம், டொக்டர், உடைகிற சின்னக் குழாய், சும்மா விட்டிருந்தால் நான்கு நாளில் போயிருக்கும் என்பது.

"தெரியும்" என்றாள் மீனம்மா.

"என்னா தெரியும்?"

"பாம்பு கடிக்கலைன்னு தெரியும்." மீனம்மா மிச்சமிருந்த இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "இந்தக் கையிலயும் வந்துச்சுல்ல. நடுவெரல்ல. பீலியில சட்டி தேச்சுக்கிட்டு இருந்தேன், சுருக்குன்னுச்சு. பாத்தா நீலம். பாம்புமில்ல, பூச்சியுமில்ல. கத்தலாம்னு வாயத் தொறந்தேன். கத்துனா நீதான் ஓடியாருவ, கயித்தோட. வாயப் பொத்திக்கிட்டேன்."

தவமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தா ரெண்டு கையோட இல்லாட்டியும், இருக்கிற ஒத்தக் கையோடயாச்சும் சாவோம்னு ஒக்காந்திருந்தேன். சாகல. நாலு நாள்ல நீலம் போயிருச்சு. அப்பத்தான் எல்லாம் வெளங்குச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாட்டி வந்துச்சு. மஞ்சள அரைச்சுப் பூசி மறைச்சுக்கிட்டேன்."

"எப்பக்கா?"

"நான் மொட்ட போட்ட வருசம்."

தவமணி அந்த வருஷத்தை நினைத்தாள். கதிர்காமம், நேர்த்தி, திரும்பி வந்த பலகாரத் தட்டு.

"நேர்த்தியுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள் மீனம்மா. "ஒன் கை என் மேல படுறதே புடிக்கல. காலையில நீ வர்ற செருப்புச் சத்தம் கேட்டாலே ஒடம்பு கூசும். வராதன்னு சொல்லலாம். ஏன்னு கேப்ப. முடி இருந்தாத்தானே வருவன்னு போயி எடுத்துப்புட்டு வந்தேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா. வெட்டிப் போட்டிருந்தாலும் வாங்கியிருப்பேனே."

"சொன்னா கை மொளைக்குமா?" என்றாள் மீனம்மா. பிறகு கேட்டாள், "அன்னிக்கு வெதமாத்தயா வீட்டுல, அவுத்துவிடுன்னு எத்தன வாட்டி கெஞ்சினேன், நெனவிருக்கா ஒனக்கு?"

"தெரியலக்கா."

"எனக்குத் தெரியும்" என்றாள் மீனம்மா. எண்ணிக்கையைச் சொல்லவில்லை. தவமணி கேட்கவும் இல்லை. இஸ்தோப்புத் தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். மீனம்மா அவளைச் சமாதானப்படுத்தவில்லை.

பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. மீனம்மா மடியிலிருந்த சீப்பை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

"முடி மறுபடி வளந்துருச்சு. என்னா செய்யிறது? ஒன் மக குதிரவால் போட்டு விடுறா, கோயிலுக்குப் போனா சிரிக்கிறாளுக. எந்திரி. நேரமாகுது."

தவமணி எழுந்து சீப்பை வாங்கினாள். நரைத்த முடியைச் சிக்கெடுத்து, வாரி, ஒன்றாகச் சேர்த்தாள். முறுக்கிச் சுற்றும்போது அந்த வார்த்தை வந்தது, தினமும் வருகிற அதே குரலில்.

"இறுக்காதடி."

தலைவலி இல்லை. என்றைக்குமே தலைவலி இல்லை. தவமணி சுற்றியதைத் தளர்த்தினாள். இன்னும் தளர்த்தினாள். கடைசியில் கொண்டை நிற்கவில்லை, கழுத்தில் சரிந்தது. திரும்ப எடுத்து முடியப் போனவளை மீனம்மா தடுத்தாள்.

"விடு. அவுந்தா அவுந்துட்டுப் போவுது. மத்தியானம் வந்து கட்டு."

அன்று மத்தியானம் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும், கொண்டுபோன ரொட்டியைக்கூடப் பிரிக்காமல் தவமணி படியிறங்கி ஓடினாள். படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. லயத்தை எட்டியபோது மூச்சு வாங்கியது. இஸ்தோப்பில் மீனம்மா அவிழ்ந்த தலையோடு, சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.